அரசாங்க அறிக்கையும் பதிப்புரிமையும்

வன்னிப் பெருநிலப்பரப்பில், கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, அக்கராயன்குளத்தை அண்டிக் கிடப்பது ஸ்கந்தபுரம் என்னும் கிராமம். வயலும் மேட்டுநிலமும் கலந்த அவ்வூரின் வீடுகளுக்கு அரசாங்கம் அச்சிட்ட தாள்கள் பலவகையாக வந்து சேர்வதுண்டு. அவற்றுள் இரண்டை அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். ஒன்று, பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் மடிந்து கிடக்கும் பழைய பரீட்சை வினாத்தாள். அதன் உச்சியில் 'முழுப் பதிப்புரிமையுடையது' என்று அச்சிடப்பட்டிருக்கும். தனியார் வகுப்புகளில் அவ்வரி படும் பாடு வேறு கதை. மற்றையது, காணி பற்றியோ கமம் பற்றியோ வெளியான வர்த்தமானியின் ஒரு பக்கம். அதில் பதிப்புரிமை என்ற பேச்சே இராது. இரண்டையும் வெளியிட்டது அரசாங்கமே. இரண்டுக்கும் செலவானது பொதுமக்களின் பணமே. எனினும் முன்னையதை அனுமதியின்றி அச்சிட்டு விற்பவர் சட்டத்துக்கு விடை சொல்ல நேரலாம். பின்னையதில் உள்ள அறிவித்தலை எவரும் எத்தனை படியும் எடுக்கலாம். விரும்பினால் விலைக்கும் விற்கலாம்.

இவ்விரு தாள்களுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று நிற்கின்றது. அமைச்சுக்களும் திணைக்களங்களும் பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் அனுப்பிவைக்கும் செய்தி வெளியீடே அது. அதனை ஊர்ச் சங்கத்தின் சஞ்சிகையில் முழுமையாக அச்சிடலாமா? சுருக்கலாமா? சிங்களத்தில் மட்டும் கிடைத்ததைத் தமிழாக்கி வாசிகசாலைப் பலகையில் ஒட்டலாமா? அதனோடு வந்த நிழற்படத்தை எடுத்தாளலாமா? பார்வைக்குச் சிறிய கேள்விகளே இவை. ஆனால், அரசாங்கத்தின் அறிவித்தல் ஒன்று நாள் தப்பாமல் கையில் கிடைப்பதிலும் கிடையாமற் போவதிலும் ஒரு குடும்பத்தின் வாழ்வே தங்கியிருக்கும் ஊர்களில், இவை சிறிய கேள்விகள் அல்ல.

2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28 ஆம் திகதி வெளியான 2430 ஆம் இலக்க வர்த்தமானியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ் அதில் அறிவித்தல் ஒன்று வெளியிடப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703 ஏக்கர், கிளிநொச்சியில் 515 ஏக்கர், மன்னாரில் 54 ஏக்கர் என, வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி அதில் குறிக்கப்பட்டிருந்தது. அக்காணிகளில் உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் தம் கோரிக்கையைச் சமர்ப்பித்தல் வேண்டும். கோரப்படாத காணி அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படும் என்பதே அவ்வறிவித்தலின் கருத்து.

மூன்று மாதம் என்பது கொழும்பில் இருப்பவருக்கு நீண்ட காலமாகத் தோன்றலாம். 1996 ஆம் ஆண்டிலும் மீண்டும் 2008, 2009 ஆம் ஆண்டுகளிலும் பெட்டி படுக்கையோடு ஊர் ஊராக இடம்பெயர்ந்த மக்கள் வாழும் நிலத்தில் அது மிகக் குறுகிய காலம். உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் வழியில் தொலைந்தன. உரித்தாளிகள் சிலர் இறந்தனர். சிலர் கடல்கடந்து சென்றனர். இத்தகைய இடத்தில் ஒருவருக்கு எழும் முதற் கேள்வி, தம் காணி அந்த அட்டவணையில் அடங்குமா என்பது. அதற்கு விடை காண அறிவித்தலின் மூலவாசகமே அவருக்கு வேண்டும். யாரோ சொன்ன சுருக்கம் போதாது. ஆகவே அம்மூலவாசகத்தைப் படியெடுத்து வழங்க எவருக்கும் தடையில்லை என்று சட்டம் சொல்வது எத்துணைப் பெரிய வசதி என்பது இவ்வாறான வேளையிலேதான் விளங்கும்.

அச்சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். அதன் 6 ஆம் பிரிவு, நூல், சொற்பொழிவு, இசை, நிழற்படம், வரைபடம் முதலியவற்றுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. ஆக்கம் ஆக்கப்பட்ட அந்தக் கணத்திலேயே உரிமையும் உண்டாகிவிடுகின்றது. அதனைப் பதிவுசெய்ய வேண்டியதில்லை. தாளின் மேல் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டியதும் இல்லை. ஆதலால், வாசகம் இல்லாத தாள் எல்லாம் உரிமையற்ற தாள் என்று எண்ணுவது பெருந்தவறு. வினாத்தாளில் உள்ள அவ்வரி உரிமையை உண்டாக்குவது அன்று. உள்ள உரிமையை நினைவூட்டுவது மாத்திரமே.

இதற்கு விலக்காக அமைந்தது 8 ஆம் பிரிவு. மூன்று வகைப் பொருள்களுக்கு அது பாதுகாப்பை மறுக்கின்றது. எண்ணம், செயன்முறை, கோட்பாடு, வெறுந் தரவு என்பன முதல் வகை. சட்டவாக்கம், நிருவாகம், நீதி ஆகியன சார்ந்த உத்தியோகபூர்வ உரைகளும் அவற்றின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புக்களும் இரண்டாம் வகை. வெளியிடப்பட்ட அல்லது ஒலிபரப்பப்பட்ட அன்றாடச் செய்தி மூன்றாம் வகை. சட்டங்கள், ஒழுங்குவிதிகள், கட்டளைகள், நீதிமன்றத் தீர்ப்புக்கள், வர்த்தமானி அறிவித்தல்கள் ஆகியன இரண்டாம் வகையுட் சேர்வன. இவற்றிற்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. மக்கள் எதற்குக் கட்டுப்பட வேண்டுமோ அதனை வாசிக்கவும் பிறர்க்கு எடுத்துச் சொல்லவும் அவர்களுக்கு இயல வேண்டும் என்பதே இதன் நியாயம்.

இந்நிலை இலங்கையில் என்றும் இருந்ததன்று. வர்த்தமானியின் முதல் இதழ் 1802 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15 ஆம் திகதி கொழும்பில் வெளிவந்தது. அக்காலத்தில் அரசாங்கத்தின் எழுத்து முடியின் உடைமையாகவே கருதப்பட்டது. பிரித்தானியாவில் 1911 ஆம் ஆண்டு நிறைவேறிய பதிப்புரிமைச் சட்டம் அக்கருத்துக்குத் திட்டமான உருவம் தந்தது. முடியின் பணிப்பின்பேரில் ஆக்கப்பட்ட அல்லது வெளியிடப்பட்ட ஆக்கத்தின் உரிமை முடிக்கே உரியது. வெளியீட்டிலிருந்து 50 ஆண்டுகள் அது நிலைக்கும் என்று அதன் 18 ஆம் பிரிவு கூறிற்று. பேரரசின் ஆட்சிக்குட்பட்ட இலங்கையிலும் அச்சட்டமே நெடுங்காலம் வழங்கியது. எனினும் பிரித்தானியத் திறைசேரியினருக்கே இதில் ஒரு கூச்சம் இருந்தது. சட்டங்களையும் அவை போன்ற பொது ஆவணங்களையும் பிறர் மறுபதிப்புச் செய்வதைத் தடுப்பது தகாது என 1887 ஆம் ஆண்டிலேயே அவர்கள் ஒரு குறிப்பு எழுதிவைத்தனர். உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே அதனைப் பயன்படுத்தாது விடுவது அவர்கள் கண்ட வழி. ஆண்டையின் தோட்டத்தில் வழிப்போக்கர் மாங்காய் பறிக்கலாம் என்று ஆண்டையே கண்ணை மூடிக்கொள்வது போன்றது அது. கண் திறந்தால் என்னவாகும் என்பது பறிப்பவருக்கு எக்காலத்தும் ஐயமே.

இலக்கிய, கலை ஆக்கங்களின் பாதுகாப்புக்கென 1886 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் உருவான உடன்படிக்கையில் இலங்கை 1959 ஆம் ஆண்டு இணைந்தது. உத்தியோகபூர்வ உரைகளுக்குப் பாதுகாப்பு வழங்குவதா இல்லையா என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம் என்பது அவ்வுடன்படிக்கையின் விதி. அன்றாடச் செய்திக்கும், வெறுஞ் செய்தித் துணுக்கின் தன்மையுடைய பல்வகைத் தகவல்களுக்கும் பாதுகாப்பு இல்லை என்பதும் அதிலேயே உண்டு. 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டம் பழைய பேரரசுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் இடத்தை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்தது.

இனிச் செய்தி வெளியீட்டுக்கு வருவோருக்கு முதலில் எதிர்ப்படுவது ஒரு சொற்சிக்கல். அது 'நிருவாகம் சார்ந்த உத்தியோகபூர்வ உரை'யா, அன்றோ? அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் தலைத்தாளில், பணிப்பாளர் நாயகத்தின் ஒப்பத்தோடு, இலக்கமும் திகதியும் இட்டு வரும் தாள் உத்தியோகபூர்வமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சட்டம் கேட்பது தாளின் தலையை அன்று, உரையின் தன்மையை. நெல்லின் கொள்விலை இன்ன திகதி முதல் இவ்வளவு என்று அறிவிக்கும் வெளியீடு நிருவாக உரையாகவே கொள்ளத்தக்கது. அவ்வமைச்சின் ஓராண்டுச் சாதனைகளை வருணித்து, உத்தியோகத்தர் ஒருவர் கட்டுரை நயத்தோடு எழுதிய மூன்று பக்கங்கள் அவ்வாறு கொள்ளத்தக்கனவோ என்றால், அங்கே வழக்கறிஞர் இருவர் இருபுறமும் நின்று வாதாடலாம். 'செய்தி வெளியீடு' என்ற பெயரைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆகவே ஒரு வெளியீட்டை ஒரே பொருளாக நோக்காது, அதன் உறுப்புக்களைப் பிரித்து நோக்குவதே தெளிவு தரும்.

ஸ்கந்தபுரத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்றின் செயலாளருக்கு, காலபோக நெற்செய்கைக்கான உரமானியம் பற்றிய வெளியீடு ஒன்று கிடைக்கிறது என்று கொள்க. மானியத் தொகை எவ்வளவு, எத்தனை ஏக்கர் வரை, எந்நாளுக்குள், எந்தக் கமநல சேவை நிலையத்தில் என்பன தரவுகள். தரவுக்கு உரிமையில்லை. செயலாளர் அவற்றைத் தம் சொற்களில் எழுதலாம், கூட்டத்தில் வாசிக்கலாம், கைத்தொலைபேசியிற் செய்தியாக அனுப்பலாம். எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. மானியம் பெறும் தகைமைகளையும் நிபந்தனைகளையும் வகுத்துரைக்கும் பந்திகள் நிருவாக உரை. அவற்றைச் சொல்லுக்குச் சொல் படியெடுக்கலாம். உண்மையில் அவ்வாறு படியெடுப்பதே நன்று. நிபந்தனையைச் சுருக்கப் புகுந்தவர் ஒரு 'அல்லது' என்பதை விட்டுவிட்டாலும் ஒரு குடும்பம் மானியத்தை இழக்க நேரும்.

அதே வெளியீட்டில் அமைச்சர் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரையும் சேர்க்கப்பட்டிருக்கலாம். பொதுவில் நிகழ்த்தப்பட்ட அரசியற் பேச்சு, விரிவுரை முதலியவற்றை நடப்புத் தகவலை வழங்கும் நோக்கத்துக்கு வேண்டிய அளவில் பத்திரிகையும் வானொலியும் வெளியிடலாம் எனச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு இடந்தருகின்றது. மூலத்தையும் ஆக்கியோன் பெயரையும் இயன்றவரை குறிப்பிடல் வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. ஆனால் பத்தாண்டுப் பேச்சுக்களைத் திரட்டி நூலாக்கி விற்க முற்பட்டால், அது நடப்புத் தகவல் ஆகாது. பேசியவருடைய அனுமதி அங்கே தேவைப்படும்.

நிழற்படம் முற்றிலும் வேறு. படம் உரையன்று, ஆதலின் 8 ஆம் பிரிவின் நிழல் அதன்மேல் விழாது. படம் எடுத்தவர் அரச ஊழியராயின், தொழிலின்போது ஆக்கிய ஆக்கத்தின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, தொழில்கொள்வோரைச் சாரும். அவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட தனியாராயின், அல்லது படம் செய்தி நிறுவனம் ஒன்றிடம் பெறப்பட்டதாயின், உரிமை இன்னோரிடம் இருக்கலாம். செய்தி வெளியீட்டோடு வந்த படத்தை அச்செய்தியோடு சேர்த்து வெளியிடுவதற்கு எவரும் தடை சொல்வதில்லை. அனுப்பியதன் நோக்கமே அதுதான். அதே படத்தை மறுவருடம் நாட்காட்டியிலோ உர வியாபாரியின் விளம்பரத்திலோ போட்டால் அந்த நியாயம் செல்லாது.

வரைபடத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காணி அறிவித்தல்களைப் பொறுத்தவரை இது முக்கியமானது. அறிவித்தலின் எழுத்து உரிமையற்றது. ஆனால் வரைபடங்களும் கிடைப்படங்களும் 6 ஆம் பிரிவில் பாதுகாக்கப்படும் ஆக்கங்களாகப் பெயர் சொல்லியே வைக்கப்பட்டுள்ளன. வர்த்தமானியின் ஒரு பகுதியாகவே அச்சிடப்பட்ட படத்தை உரையினின்றும் பிரிக்க முடியாது என்று வாதாடலாம். தனியே விலைக்கு விற்கப்படும் நில அளவைப் படத்தைப் படியெடுத்து ஒட்டுவதற்கு அவ்வாதம் உதவாது. அங்கேயும், ஆராய்ச்சி, கற்பித்தல், விமரிசனம், செய்தி அறிவித்தல் முதலிய நோக்கங்களுக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை 11 ஆம் பிரிவு அனுமதிக்கின்றது. நோக்கம் வணிகமா அன்றா, எடுத்த பகுதி எவ்வளவு, மூலத்தின் சந்தைக்கு அதனால் ஊறு உண்டா என்பவற்றை நீதிமன்றம் நிறுத்துப் பார்க்கும்.

மொழிபெயர்ப்பே வன்னியில் வாழ்வோருக்கு மிக நெருங்கிய விஷயம். 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று; 1988 ஆம் ஆண்டின் 16 ஆம் திருத்தம் சட்டவாக்க மொழி, நிருவாக மொழி ஆகியவற்றை விரித்துரைத்தது. ஆகவே அறிவித்தல்கள் தமிழிலும் வருதல் வேண்டும். வரும்போது அத்தமிழ் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாகும், மூலத்தைப் போலவே அதற்கும் உரிமையில்லை, எவரும் எடுத்தாளலாம். ஆனால் அவசர வெளியீடுகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ முந்திக்கொண்டு வருவதும், தமிழ்ப் பிரதி பின்தங்கி நடந்து வருவதும் இந்நாட்டில் புதியன அல்ல. அவ்விடைவெளியில் ஊரில் மும்மொழியும் கற்ற ஆசிரியர் ஒருவர் இரவோடிரவாக இருந்து அதனைத் தமிழாக்கிக் கொடுக்கிறார் என்று கொள்க. மூலத்துக்கு உரிமையாளர் இல்லாமையால் மொழிபெயர்க்க அவருக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் அவருடைய தமிழ் உத்தியோகபூர்வமானதன்று. அது மூலத்தின் வழிவந்த புதிய ஆக்கம். சட்டத்தின் 7 ஆம் பிரிவு அதற்குப் பாதுகாப்பளிக்கின்றது.

இதன் விளைவைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மூலம் எல்லோருக்கும் பொது. ஆசிரியரின் தமிழ் ஆசிரியருக்கு உரியது. நகரத்துப் பத்திரிகை ஒன்று அதனைப் பெயர் சொல்லாமல் எடுத்து அச்சிட்டால், 'அரசாங்க அறிக்கைதானே, யார் கேட்பது?' என்று தட்டிக்கழிக்க அதற்கு வழியில்லை. அரசாங்கம் கேளாமலிருக்கலாம், ஆசிரியர் கேட்கலாம். அதே வேளையில், பிழையின் பொறுப்பும் ஆசிரியரையே சாரும். 'கோரிக்கை சமர்ப்பிக்கலாம்' என்பதும் 'சமர்ப்பித்தல் வேண்டும்' என்பதும் ஒன்றல்ல. ஆகவே அத்தகைய பிரதியின் அடியில், இது உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பு அன்று என்று ஒரு வரி எழுதிவைப்பது வாசிப்போருக்கும் நல்லது, எழுதியவருக்கும் நல்லது. இந்தியச் சட்டம் இதனை ஒரு நிபந்தனையாகவே விதித்துள்ளது. சட்டமொன்றை இந்திய மொழியிற் பெயர்ப்பவர், அரசு அம்மொழியில் ஏற்கெனவே மொழிபெயர்ப்பு வெளியிடாதவிடத்து, தமது மொழிபெயர்ப்பு அரசினால் ஏற்றுக்கொள்ளப்பட்டதன்று என்பதை அதில் முதன்மையான ஓரிடத்திற் குறிப்பிட வேண்டும் என அச்சட்டத்தின் 52 ஆம் பிரிவு கூறுகின்றது.

இந்தியாவின் நிலை வேறு வகையிலும் ஒப்புநோக்கத்தக்கது. அங்கே 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பழைய முடியுரிமையை வேறு பெயரால் தொடர்ந்து வைத்திருக்கின்றது. அரச ஆக்கத்தின் முதல் உரிமையாளர் அரசே. வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். இதற்கு விலக்காக அரசிதழில் வெளியான விஷயம், சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட குழு அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றை மறுபதிப்புச் செய்யலாம் எனத் தனித்தனியே சொல்லப்பட்டுள்ளது. செய்தி வெளியீடு அப்பட்டியலில் இல்லை. அதனால் பல அரச அலுவலகங்கள், பிழையின்றி எடுக்க வேண்டும், இழிவுபடுத்தும் வகையில் பயன்படுத்தலாகாது, மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு தாமாகவே இசைவளித்து வருகின்றன. தீர்ப்புக்களைப் பற்றியும் அங்கு ஒரு வழக்கு எழுந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்களைத் தொகுத்து, பந்தியிலக்கம் இட்டு, குறிப்புரை எழுதி வெளியிட்ட பதிப்பகத்தார் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பின் மூலவாசகம் பொதுச்சொத்து; பதிப்பாசிரியர் தம் அறிவாலும் தேர்வாலும் சேர்த்த பகுதிக்கு மட்டுமே உரிமை உண்டு என்று 2007 ஆம் ஆண்டு டிசெம்பரில் தீர்ப்பாயிற்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளோ தொடக்கத்திலிருந்தே மறுபுறம் நின்றன. நீதிபதிகளின் தீர்ப்புரைக்கு எவரும் பதிப்புரிமை பாராட்ட முடியாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1834 ஆம் ஆண்டிலேயே கூறிற்று. மத்திய அரசின் ஊழியர் கடமையில் ஆக்கிய எதற்கும், அது செய்தி வெளியீடாயினும் நிழற்படமாயினும், அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. பிரித்தானியா உரிமையைக் கைவிடவில்லை. ஆனால் 2010 ஆம் ஆண்டு முதல் திறந்த அனுமதி ஒன்றை வெளியிட்டு, மூலத்தைக் குறிப்பிட்டால் எவரும் எந்நோக்கத்துக்கும் எடுத்தாளலாம் என்று எழுத்திற் கொடுத்துவிட்டது. அரச இலச்சினையும் பிறருக்கு உரிமையான பொருள்களும் அவ்வனுமதியில் அடங்கா. 1887 ஆம் ஆண்டின் கண்மூடல் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் பின்னர் வாய்திறந்து பேசிற்று எனலாம். இலங்கையின் திணைக்களங்களும் தம் வெளியீடுகளின் அடியில் அத்தகைய ஒற்றை வரியைச் சேர்த்துவிட்டால், 'நிருவாக உரையா அன்றோ' என்ற வாதமே எழாது. அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை; செலவும் இல்லை.

இலச்சினை பற்றிய செய்தி இங்கும் கருதத்தக்கது. உரையை எடுத்தாளும் சுதந்திரம், அரசாங்கமாகத் தோன்றும் சுதந்திரம் அன்று. தலைத்தாளையும் இலச்சினையையும் அப்படியே வெட்டி ஒட்டி, நடுவில் தம் சொற்களைச் செருகி வெளியிடுவது பதிப்புரிமையின் எல்லைக்கு அப்பாற்பட்ட வேறு குற்றங்களுள் ஒருவரைத் தள்ளிவிடும். சுருக்கினால் சுருக்கம் என்றும், மூலமாயின் மூலம் என்றும் சொல்லிவிடுவதே நேர்மையான வழி.

வானொலி கேட்போர் அறியவேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. அரசாங்க அறிக்கை ஒன்று செய்தியறிக்கையில் வாசிக்கப்படுகின்றது. அறிக்கையின் வாசகம் பொது. அதிலுள்ள செய்தியும் பொது. ஆனால் அதனைத் தாங்கிவந்த ஒலிபரப்பு, ஒலிபரப்பு நிறுவனத்தின் உடைமை. அதற்கு 50 ஆண்டுப் பாதுகாப்பைச் சட்டம் அளித்திருக்கின்றது. ஒருவர் கேட்டதை எழுதிவைத்துப் பிறருக்குச் சொல்லலாம். ஒலிபரப்பையே பதிவுசெய்து தம் நிகழ்ச்சியாக மறு ஒலிபரப்புச் செய்ய முடியாது. கிணற்று நீர் ஊருக்குப் பொதுவாயினும், பட்டை கட்டி இறைத்தவருடைய பட்டை பொதுவாகாது.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தோடும் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமாகிய அது 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 3 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் ஒருவர் பிரதேச செயலகத்திடம் ஆவணமொன்றின் பிரதியைக் கேட்டுப் பெறலாம். பெறுவது ஓர் உரிமை. பெற்றதை அச்சிட்டுப் பரப்புவது இன்னொன்று. கிடைத்த ஆவணம் நிருவாக உரையாயின் இரண்டும் ஒன்றாக அமையும். அது தனியார் ஆலோசகர் ஒருவர் எழுதிய ஆய்வாயின், கையிற் கிடைத்ததனாலேயே அச்சிடும் உரிமையும் கிடைத்துவிடாது. எனினும் அதிலுள்ள தரவுகளையும் முடிவுகளையும் தம் சொற்களில் வெளியிட எத்தடையும் இல்லை. பதிப்புரிமை காப்பது சொல்லப்பட்ட விதத்தையே அன்றி, சொல்லப்பட்ட உண்மையை அன்று.

வாசிகசாலைப் பலகையில் ஒட்டுவதற்கெனப் பிரதி தயாரிப்பவர் இவ்வளவையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. வெளியிட்ட திணைக்களத்தின் பெயர், வெளியீட்டின் இலக்கம், திகதி ஆகியவற்றை மேலே எழுதி, நிபந்தனைகளை மூலத்தில் உள்ளவாறே படியெடுத்து, தமிழாக்கம் தமதாயின் அதனைக் கீழே குறித்துவிட்டால் பெரும்பாலான இடர்கள் அகன்றுவிடும். படங்கள் இல்லாமற் போனால் பலகைக்குக் குறைவொன்றும் இல்லை. திகதியை விட்டுவிடுவதே பெருங்குறை. மீளப்பெறப்பட்ட அறிக்கை ஒன்று திகதியின்றிக் கைக்குக்கை பரவி, மாதங்கள் கழிந்தபின்னும் மக்களை அலுவலக வாசலுக்கு அலைய வைத்துவிடும்.

மார்ச் 28 ஆம் திகதிய காணி அறிவித்தலுக்கு எதிர்ப்புக் கிளம்பியபின், அதனை மீளப்பெறுவதாக அரசாங்கம் 2025 மே மாதத்தில் அறிவித்தது. ஆனால் மீளப்பெறுவதாகக் கூறும் அறிவிப்பு வேறு, வர்த்தமானியில் உள்ள அறிவித்தல் வேறு. முன்னையது செய்தி, பின்னையது சட்டவலுவுள்ள உரை. செய்தியைக் கேட்டு ஆறியிருந்தவர்களும், உரையை வாசித்து நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்களுமாக மக்கள் இரு கூறாயினர். உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யப்பட்டது. அவ்வறிவித்தலைச் செயற்படுத்தாதிருக்கும் இடைக்காலத் தடையுத்தரவை நீதிமன்றம் வழங்கியது யூன் மாதம் 27 ஆம் திகதி. மூன்று மாதத் தவணை முடியவிருந்தது அதற்கு அடுத்த நாள்.